மாவிலை கட்டிய கதவு

லோகேஸ்வரியின் கைப்பேசி சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து அணைந்தே கிடந்தது. ஞாயிறு காலை பசியாறி முடிக்கும்வரை நல்லம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சார்ஜ் போட மறந்திருப்பாள், சினிமாவுக்குப் போயிருப்பாள் என்று தனக்குத் தானே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் மகள் கோலாலம்பூருக்குக் குடிபோனதிலிருந்து, விடிந்ததும் "மா, எழுந்துட்டேன்" என்று ஒரு குரல் செய்தி வந்துவிடும். அது வராத முதல் காலை இதுதான்.

"இந்தாங்க, புள்ள போனு இன்னும் அடைச்சே கெடக்குது."

இருசப்பன் வாசலில் தன் பழைய கஞ்சில் ரகச் சிறு காரைக் கழுவிக்கொண்டிருந்தார். "தூங்குவா லா. ஞாயித்துக்கெழமதானே."

"வெயிலு உச்சிக்கு வரப்போவுது. இந்நேரம் வரைக்கும் எந்த ஊர்ல தூங்குறாங்க?"

"கே.எல்.ல தூங்குறாங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நல்லம்மாள் சிரிக்கவில்லை. நண்பகலுக்கு மேல் அவரும் சிரிக்கவில்லை. தம்முடைய போனிலிருந்து அழைத்துப் பார்த்தார். அழைத்த எண்ணைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று மலாயில் ஒரு பெண் சொன்னாள். மறுபடி அழைத்தார். அதே பெண், அதே குரலில், கொஞ்சமும் கவலையில்லாமல் சொன்னாள்.

"கூட தங்கியிருக்காளே நாதியாப் பொண்ணு, அது நம்பரு இருக்கா?" என்று நல்லம்மாள் கேட்டாள்.

"இல்ல."

"வீட்டு நம்பராவது தெரியுமா?"

இருசப்பன் வாளியைக் கீழே வைத்தார். மகள் வசிக்கும் வீட்டின் எண் அவருக்குத் தெரியாது.

புக்கிட் ரோத்தானுக்கு அந்தப் பக்கம், செம்பனைத் தோட்டத்தில் அவருடைய வீட்டுக்கும் ஓர் எண் உண்டு. தோட்டத்துக் கணக்கர் கிராணி சுவரில் சாயத்தால் எழுதிவிட்டுப் போனது. அதைச் சொல்லி யாரும் அவரைத் தேடி வந்ததில்லை. கோயிலுக்குப் பின்னால் முருங்கை நிற்கிற வீடு என்றால் போதும். டிராக்டர் இருசப்பன் என்று கேட்டால் தோட்டத்து நாய்கூட வழிகாட்டும். மகள் வீட்டுக்கு அவர் ஒரே ஒரு தடவை போயிருக்கிறார், பால் காய்ச்சிய அன்று. அவள் முன்னால் நடந்தாள். அடுப்பைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னால் நடந்தார். எண் எதற்கு?

நினைவில் இருந்தவற்றை அவர் நல்லம்மாளிடம் வரிசையாகச் சொன்னார். இறங்க வேண்டிய ரயில் நிலையத்தின் பெயர். பக்கத்தில் நீல வெள்ளைச் சாயம் அடித்த உயரமான கட்டடம். மின்தூக்கியில் மகள் அழுத்திய பொத்தானில் எண்ணுக்குப் பக்கத்தில் ஏ என்று ஓர் ஆங்கில எழுத்து. என்ன எண் என்பது மட்டும் மறந்துவிட்டது. பிறகு, கதவில் அவரே கட்டிய மாவிலைத் தோரணம்.

"மாவெல கட்டுன கதவு. அது போதும். கண்டுபுடிச்சிருவேன்."

"நானும் வரேன்."

"ரெண்டு பேரும் போயிட்டு, அவ இங்க வந்துட்டான்னா?"

நல்லம்மாள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். கார் தார்ச்சாலை ஏறும்வரை அவள் கையில் போனைப் பிடித்தபடி வாசலில் நின்றது கண்ணாடியில் தெரிந்தது.

கோலாலம்பூருக்குள் கார் ஓட்ட அவருக்குத் துணிச்சல் கிடையாது. சுங்கை பூலோவில் காரை நிறுத்திவிட்டு ரயில் ஏறினார். பெட்டி நிறைய ஆட்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. இவர் மட்டும் ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் பார்த்தார். எதிரே இருந்த ஒருத்தி அதைக் கவனித்து, பையை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. அதன்பிறகு தம் காலணியையே பார்த்துக்கொண்டு போனார்.

நீல வெள்ளைக் கட்டடத்தைக் கண்டதும் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் வாசலில் தடுப்புக் கம்பி. கண்ணாடி அறைக்குள் காவலுக்கு நேப்பாளி ஜாகா ஒருவன், சீருடையில்.

"நோம்போர் ருமா, பாக்சிக்?" என்று மாமா முறை வைத்து மலாயில் வீட்டு எண்ணைக் கேட்டான்.

"என் பிள்ளை வீடு" என்று இவரும் மலாயில் சொன்னார்.

"பிள்ளை பெயர்?"

இருசப்பன் தயங்கினார். வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவர்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் ஆண்பிள்ளையிடம், இந்தப் பெயரில் ஒரு கல்யாணமாகாத பெண் உள்ளே இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? தோட்டத்தில் அவள் பிறந்தபோதே எல்லோருக்கும் அவள் பெயர் தெரியும். இங்கே தெரிந்துகொள்கிறவன் எப்படிப்பட்டவன் என்று யார் கண்டது?

"இருசப்பன்" என்றார்.

ஜாகா கணினியில் தட்டித் தேடினான். அவனால் அந்தப் பெயரை முழுதாக அடிக்கவே முடியவில்லை. "இல்லை. எண் இல்லாமல் போக முடியாது" என்று தலையை ஆட்டினான்.

அவர் சாலையோரமாகத் திரும்பி நின்றார். அப்போது ஒரு தமிழ்ப் பெண்மணி, ஒரு கையில் அரிசி மூட்டை, மறு கையில் இரண்டு காய்கறிப் பைகளோடு மூச்சு வாங்க வந்தாள். இருசப்பன் மூட்டையை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவள் அட்டையைக் காட்டித் திறந்த சிறு கதவு வழியே அவளோடு உள்ளே போனார். ஜாகா ஒரு காருக்குத் தடுப்பைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

"பெரிய உபகாரம்ணே" என்றாள் அவள். மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது தன் பெயர் லெட்சுமி என்றும், பதினோராவது மாடி என்றும் சொன்னாள். "நீங்க எந்த வீட்டுக்கு?"

"சொந்தக்காரப் பொண்ணு ஒன்னு. ஏ போட்ட மாடி."

"ஏ போட்ட மாடியா? மூனு ஏ, பதிமூனு ஏ, இருவத்தி மூனு ஏ. சீனருக்கு நாலு ஆவாதுல்ல, அதனால நாலு வர எடத்துலல்லாம் ஏ போட்டு வச்சிருக்கானுங்க. எந்த ஏ?"

இருசப்பன் காதைத் தொட்டுக் காட்டினார். "ஒசரந்தான். காது அடைச்சுச்சு."

"போன் பண்ணிக் கேளுங்களேன்."

"போன் போவல. நேத்துலேந்து."

லெட்சுமி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதுவரை இருந்த சிரிப்பு அவள் முகத்தில் இல்லை. "தனியாவா இருக்கு அந்தப் பொண்ணு?"

"கூட ஒரு பொண்ணு இருக்கு."

"அப்ப சரி" என்றாள். பிறகு அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "ஏன் கேட்டேன்னா, அடுத்த புளோக்குல ஒரு ஆளு. ஒத்தையா இருந்தாரு. வெளியூரு போயிருக்காருன்னு எல்லாரும் நெனச்சிட்டிருக்கோம். வாட வந்த பொறவுதான் கதவ ஒடைச்சாங்க. பக்கத்து வீட்டுக்காரனுக்கே தெரியல. இங்க அப்படித்தாண்ணே. யாரும் கதவு தொறக்க மாட்டாங்க, தப்பா எடுத்துக்காதீங்க."

பதினோராவது மாடியில் அரிசியை இறக்கி வைத்தார். அவளுடைய அட்டைக்கு மின்தூக்கி அந்த மாடி வரைக்கும்தான் போகும். அவள் படிக்கட்டுக் கதவைக் காட்டிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். தாழ்ப்பாளின் சத்தம் இரண்டு தடவை கேட்டது.

படிக்கட்டில் ஏறும்போது அவள் சொன்ன ஒரு சொல் அவரோடு கூடவே ஏறியது. வாடை.

பதிமூன்று ஏ மாடியின் நடையில் பகலிலும் விளக்கு எரிந்தது. இரு பக்கமும் ஒரே மாதிரி இரும்புக் கதவுகள், அவற்றுக்குப் பின்னால் ஒரே மாதிரி மரக்கதவுகள். ஆள் குரல் இல்லை. எங்கோ ஒரு துணி துவைக்கும் இயந்திரம் சுற்றும் சத்தம் மட்டும். மாவிலை தேடிக்கொண்டே நடந்தார். ஒரு கதவில் மாவிலை இருந்தது. கிட்டே போய்த் தொட்டார், பிளாஸ்டிக். இன்னொன்றிலும் பிளாஸ்டிக். ஒருவேளை தாம் கட்டியது காய்ந்ததும் அவள் இப்படி ஒன்றை வாங்கி மாட்டியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தது. முதல் கதவைத் தட்டினார். பதில் இல்லை. இரண்டாவதைத் தட்டினார். உள்ளே தொலைக்காட்சியின் ஒலி சட்டென்று நின்றது. யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். அடியில் நிழல் தெரிந்தது. ஆனால் திறக்கவில்லை.

தோட்டமாக இருந்தால் இந்நேரம் குரல் கொடுத்திருப்பார். இங்கே யார் பெயரைச் சொல்லிக் கத்துவது? இத்தனை கதவுகளுக்குப் பின்னால் எத்தனை காதுகள். அதனால் தட்டினார், காத்திருந்தார், அடுத்ததற்குப் போனார். கதவுக்குக் கதவு போகும்போது, தம்மை அறியாமலே, குனிந்து இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். சாம்பார் வாசனை வந்தது. ஊதுபத்தி வந்தது. ஒரு வீட்டில் கருவாடு. கருவாடுதான் என்று நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடி மோந்தார். அப்போது அந்தக் கதவு கையகலம் திறந்து, சீனக் கிழவர் ஒருவர் சங்கிலிக்குப் பின்னாலிருந்து அவரைப் பார்த்தார். இருசப்பன் நிமிர்ந்து ஏதோ சொல்லப் போவதற்குள் கதவு மூடிக்கொண்டது.

நல்லம்மாள் அழைத்தாள். "கண்டுட்டீங்களா?"

"தேடிட்டிருக்கேன்."

"தேடுறீங்களா? வீட்டுக்குள்ள இன்னும் போவலயா?"

"போயிருவேன். வையி."

இருபத்து மூன்று ஏ மாடிக்கு ஏறுவதற்குள் அவர் பல தடவை உட்கார்ந்து எழுந்தார். படிக்கட்டின் சிறு சன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிவிட்டிருந்தது. கீழே நகரம் முழுவதும் சன்னல்கள். ஒவ்வொன்றாக விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் இருக்கிற ஊரில் ஒரு பிள்ளை காணாமல் போனால் எந்த விளக்கு அணையும்? அவர் அதற்குமேல் சன்னலைப் பார்க்கவில்லை.

மேல் மாடியின் நடையும் கீழ்மாடியைப் போலவே இருந்தது. எங்கும் மாவிலை இல்லை, பிளாஸ்டிக்கில்கூட இல்லை. ஆனால் கடைசிக்கு முந்தைய கதவில், இரும்புக் கம்பியின் இரு ஓரத்திலும் ஒரு நீலக் கயிற்றின் துண்டு தொங்கியது. டிராக்டரில் செம்பனைக் குலை மேல் வலை போட்டுக் கட்டுகிற நைலான் கயிறு. அதில் விழுந்திருந்தது அவருடைய முடிச்சு. இலை கட்டிய நடுப்பகுதியை யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள்.

வாசலில் செருப்பு இல்லை. தட்டினார். பதில் இல்லை. குனிந்தார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கை இடுக்கில் வைத்தார். ஒன்றும் இல்லை, தூசியும், சோப்பும். மூச்சை விட்டார். மறுபடி தட்டினார், பலமாக.

உள்ளே ஏதோ தரையில் உரசியது. பிறகு அது நின்றது.

ஆள் இருக்கிறது. இருந்தும் திறக்கவில்லை. அவள் என்றால் ஏன் திறக்கவில்லை? அவள் இல்லையென்றால் உள்ளே இருப்பது யார்? அவளால் எழுந்து வர முடியவில்லையா, அல்லது யாராவது அவளை வரவிடாமல் பிடித்திருக்கிறார்களா? இருசப்பன் இரு கைகளாலும் இரும்புக் கம்பியைப் பிடித்து உலுக்கினார். நடை முழுவதும் அது அதிர்ந்தது. உள்ளே மறுபடியும் அதே உரசல், இந்தத் தடவை கதவுக்கு மிக அருகில், கனமான எதையோ கதவோடு சேர்த்துத் தள்ளுவது போல.

பின்னால் மின்தூக்கி திறந்தது. அந்த நேப்பாளி ஜாகாவும், இன்னொருவனும். இன்னொருவன் கையில் தடி.

"பாக்சிக், கீழே வாங்க" என்றான் ஜாகா.

"என் பிள்ளை உள்ளே இருக்கிறது."

ஜாகா தன் போனை நீட்டினான். திரையில் ஒரு படம். நடையில் ஒரு கறுத்த மனிதன் குனிந்து ஒரு கதவை மோந்துகொண்டிருந்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே குடியிருப்பவர்களின் செய்திகள் சரம் சரமாக வந்துகொண்டிருந்தன. கதவைத் திறக்காதீர்கள். பைத்தியம் போலிருக்கிறது. போலீசைக் கூப்பிடுங்கள். பார்ப்பதற்கே பயமாகத்தான் இருந்தது அந்த ஆளை. அது தாம்தான் என்று புரிய அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

தடிக்காரன் அவருடைய கையைப் பிடித்து இழுத்தான். மற்றக் கை கம்பியை விடவில்லை. கீழே கொண்டுபோய்விட்டால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். இதற்குப் பிறகு வேறு வழி கிடையாது.

"லோகேஸு!"

டிராக்டர் ஓடும்போதே அடுத்த மர நிரைக்குக் கேட்கிற குரல் அது. நடையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. எங்கெங்கோ கதவுகள் கொஞ்சமாகத் திறந்துகொண்டன. அவள் திறக்கவில்லை.

அப்போது அவருக்கு நினைவு வந்தது. விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்தில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் தடவைக்குப் பதில் சொல்லாதே என்று நல்லம்மாள் பிள்ளைகளைச் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறாள். காற்று கருப்பு ஒரு தடவைதான் கூப்பிடும். மனிதன்தான் மறுபடி கூப்பிடுவான்.

"லோகேஸு" என்று மறுபடி அழைத்தார். மூன்றாவது முறை குரல் உடைந்துவிட்டது. "லோகேஸு, அப்பாதாம்மா."

கனமான ஏதோ தரையில் இழுபட்டது. கதவு திறந்தது. சாப்பாட்டு மேசையைத் தள்ளிக்கொண்டு மகள் நின்றாள். கையில் காய் நறுக்கும் கத்தி. அவள் அதைக் கீழே வைக்க மறந்திருந்தாள்.

ஜாகா இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். தடிக்காரன் கையை விட்டான். "எண்ணைச் சொல்லியிருக்கலாம், பாக்சிக்" என்று முணுமுணுத்துவிட்டு ஜாகா அவனோடு போனான்.

உள்ளே வந்ததும் இருசப்பன் முதலில் அவளுடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், பிறகு கைகளை. வலது முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"நேத்து சாயங்காலம்பா. ஸ்டேஷன் பாலத்துக்குக் கீழ. மோட்டார் சைக்கிள்ல வந்து பேக்க இழுத்துட்டுப் போயிட்டானுங்க. போனு, சாவி, ஆக்சஸ் கார்டு எல்லாம் போச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "கார்டு மேலயே யூனிட் நம்பர் ஒட்டியிருக்கு. சாவியும் அவன்கிட்டதான். நாதியா காலையில கிள்ளான் போயிட்டா. அந்தத் திருடன் எப்படியும் வந்துருவான்னு நெனச்சேன். கதவு கதவாத் தட்டிட்டு வர சத்தம் கேட்டுச்சு. அப்புறம் இந்தக் கதவப் புடிச்சு அப்படி உலுக்கவும்…"

அவர் தேடித் திரிந்த எண், அவள் பையைப் பறித்தவன் கையில் இருந்தது.

"நாதியா போனுலேந்து அம்மாவ ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கக்கூடாதா?"

"கூப்பிட்டா அம்மா அடுத்த பஸ்ஸுல வந்து என்னய கையோட கூட்டிட்டுப் போயிருவாங்க. நாளைக்குப் புதுப் போன் வாங்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்." சற்று நிறுத்தி, தரையைப் பார்த்தாள். "உங்க நம்பரும் மனப்பாடமாத் தெரியாதுப்பா. போன்லதான் இருந்துச்சு."

அவர் அவள் கையிலிருந்த கத்தியை வாங்கி மேசைமேல் வைத்தார்.

"நீங்களாவது வந்ததுமே பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம்ல? இவ்வளவு நேரம் யாருன்னே தெரியாம செத்துட்டேன்."

"ஊரு தெரியாத ஆம்பளைங்க மத்தியில பொம்பளப் புள்ள பேர எப்படிம்மா கத்துறது?"

"இப்ப மட்டும் என்னா செஞ்சீங்களாம்?" என்று அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது.

நல்லம்மாளிடம் போனில் பேசி முடித்த பிறகு, பூட்டு மாற்ற வேண்டும் என்ற பேச்சு வந்தது. வீட்டுக்காரர் நாளைக்குத்தான் ஆள் அனுப்புவாராம். இருசப்பன் மரக்கதவின் பூட்டை அசைத்துப் பார்த்தார். திருப்புளி இருந்தால் தாமே மாற்றிவிடலாம். ஸ்டேஷன் பக்கத்தில் இரும்புக் கடை ஒன்று இன்னும் திறந்திருக்கும் என்றாள் மகள்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் இருக்கேன்."

"வேணாம். வீடு போனாப் போவுது, நீ கூட வா."

வெளியே வந்து, நாதியா விட்டுப்போன சாவியால் பூட்டும்போது நீலக் கயிற்றைத் தொட்டுக் காட்டினார். "எலைய யாரு அறுத்தது?"

"நான்தான். காய்ஞ்சு கொட்டுச்சு. பக்கத்து வீட்டுல கம்ப்ளைன் பண்ணாங்க." நடையில் எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன. ஒன்று மட்டும் விரலளவு திறந்திருந்து, அவர்கள் கடந்ததும் மூடிக்கொண்டது.

மின்தூக்கியில் ஏற்கெனவே ஓர் ஆள் இருந்தான். முப்பது வயதிருக்கும். காதில் இயர்போன், கையில் போன். அவன் இருசப்பனைப் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான், பிறகு லோகேஸ்வரியைப் பார்த்தான். இயர்போனை ஒரு காதிலிருந்து கழற்றினான்.

"அங்கிள், நீங்கதான் லோகேஸ் அப்பாவா?"

தோட்டத்தில் எந்தப் பாதையில் போனாலும், முகம் தெரியாத ஆள் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். அதற்கு அவர் எத்தனையோ தடவை பல் தெரியச் சிரித்துத் தலையாட்டியிருக்கிறார். இப்போது மகளுக்கு முன்னால் அரையடி நகர்ந்து நின்றார். அந்த ஆள் சிரித்த முகமாகத்தான் இருந்தான். நல்ல சிரிப்பா என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அவனுக்கு மகளின் பெயர் தெரியும். எந்த மாடியில் ஏறினார்கள் என்பதும் தெரியும். அந்தக் கட்டடத்தில் இனி எத்தனை பேருக்கு அது தெரியும் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கதவுக்கு மேலே எண்கள் குறைந்துகொண்டு வந்தன. லோகேஸ்வரி பின்னாலிருந்து அவருடைய சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

இருசப்பன் மூடியிருந்த கதவையே பார்த்தபடி, அவன் இரண்டாம் தடவை கேட்கிறானா என்று காத்திருந்தார்.